கோமாரிக் கட்டுப்பாடு: அரசுக் கால்நடை மருத்துவர் நாட்களை எண்ணுவது ஏன்?

ஒரு மாடு தீவனத்தை விட்டு ஒதுங்கி நிற்கிறது. வாயிலிருந்து எச்சில் கம்பி கம்பியாக ஒழுகுகிறது. ஓயாமல் சப்புக்கொட்டுகிறது, ஒரு கால் மாற்றி ஒரு காலைத் தூக்கி உதறுகிறது. மாட்டுக்காரர் மருத்துவரை அழைப்பது அந்த ஒரு மாட்டைக் காப்பாற்றத்தான். வந்து இறங்கும் அரசுக் கால்நடை மருத்துவருக்கோ கேள்விகள் வேறு. நோய் இந்தக் கொட்டகைக்குள் நுழைந்து எத்தனை நாளாகிறது? எந்த வழியாக வந்தது? இதற்குள் இங்கிருந்து எங்கெல்லாம் போயிருக்கும்? இந்த மூன்றுக்கும் அன்று மாலைக்குள் அவருக்கு விடை வேண்டும்.

நோயுற்ற மாட்டின் மேல் அக்கறை இல்லாததால் அவர் இப்படிக் கேட்கவில்லை. கோமாரி என்பது வாயிலும் காலிலும் கொப்புளம் எழுப்பும் தொற்றுநோய். அதன் வைரஸைக் கொல்வதற்கென்று மாட்டுக்குக் கொடுக்க மருந்து எதுவும் இல்லை. புண்ணைக் கழுவலாம், வலியைக் குறைக்கலாம், புண்ணில் வேறு கிருமி ஏறாமல் பார்த்துக்கொள்ளலாம், மெல்லச் சிரமமில்லாத தீவனம் வைக்கலாம். வளர்ந்த மாடுகளில் பெரும்பாலானவை இரண்டு மூன்று வாரத்தில் தாமாகவே தேறிவிடும். நூற்றில் ஐந்துக்கு மேல் சாவது அரிது. மருத்துவரால் உண்மையில் காப்பாற்ற முடிகிற மாடுகள் நோய் இன்னும் தொடாத கொட்டகைகளில் நிற்கின்றன. அவற்றுக்கும் வைரஸுக்கும் இடையே இருப்பது சில நாட்கள்தான்.

பெரிய மாடு சாவதில்லை என்பதாலேயே இந்த நோயைப் பலர் இலேசாக எடுத்துக்கொள்கிறார்கள். கன்றுகளின் நிலை அப்படியில்லை. வைரஸ் கன்றின் இதயத் தசையைத் தாக்கும். வாயில் ஒரு கொப்புளம்கூடத் தெரியாமல், பால் குடித்துக்கொண்டிருந்த கன்று அப்படியே சுருண்டு விழுந்து செத்துப்போகும். தாயின் பாலிலேயே வைரஸ் இருப்பதால், நோய் வந்த கொட்டகையில் கன்றைத் தாயிடமிருந்து பிரித்து, நன்றாகக் கொதிக்கவைத்து ஆறவைத்த பாலைக் கொடுக்கச் சொல்வதுதான் மருத்துவரின் முதல் அறிவுரைகளில் ஒன்று. தேறிய பசுக்களிலும் சில பழைய பால் அளவுக்குத் திரும்புவதேயில்லை. காம்பில் வந்த புண்ணால் மடிநோய் தொற்றும். குளம்பு கழன்று நிரந்தரமாக நொண்டும் மாடுகளும், வெயில் தாங்காமல் ஆண்டு முழுதும் இளைக்கும் மாடுகளும் உண்டு.

நாக்கைப் பார்த்து நாள் சொல்வது

கொட்டகைக்குள் போனதும் முதல் வேலை மிகப் பழைய புண்ணைக் கண்டுபிடிப்பது. உடல்நலம் மோசமாக இருக்கிற மாட்டைக் காட்டத்தான் உரிமையாளர் அழைத்துப் போவார். அது பெரும்பாலும் நேற்று நோய் கண்ட மாடாக இருக்கும். முதலில் நோய் வந்த மாடு இதற்குள் எச்சில் வடிவது நின்று, ஓரளவு தீவனம் எடுத்துக்கொண்டு மூலையில் படுத்திருக்கும். மருத்துவருக்கு வேண்டியது அந்த மாடுதான். ஆகவே, இருக்கிற எல்லா மாடுகளின் வாயையும் காலையும் பார்த்தாக வேண்டும்; சுகமாக இருக்கின்றன என்று சொல்லப்படுகிற மாடுகளையும் சேர்த்து.

மூக்கைப் பிடித்துத் தலையைத் தூக்கி, வாயின் ஓரத்தில் பல் இல்லாத இடைவெளி வழியாகக் கையை நுழைத்து நாக்கைப் பக்கவாட்டில் இழுக்க வேண்டும். நாக்கின் மேற்புறம், மேல் தாடையில் முன்பற்களுக்குப் பதிலாக உள்ள கெட்டியான மேடு, ஈறு, உள்ளுதடு, பிறகு குளம்புப் பிளவு, குளம்பும் தோலும் சேரும் விளிம்பு, மடிக்காம்பு என்று ஒவ்வொன்றாகப் பார்ப்பார்கள். காலில் சாணமும் சேறும் ஒட்டியிருந்தால் கழுவித்தான் பார்க்க வேண்டும். கழுவாமல் பார்த்த காலில் புண் இல்லை என்று எழுதுவது பெரிய தவறு.

புண்ணின் வயதைச் சொல்லும் அடையாளங்கள் தெளிவானவை. முதல் நாள் தோல் வெளுத்து, அடியில் நீர் கோத்துக் கொப்புளம் எழும்பும். இரண்டாம் நாள் கொப்புளம் உடைந்து, மேல்தோல் கிழிந்த துணிபோலத் தொங்க, அடியில் பச்சை இறைச்சி நிறத்தில் சிவந்த புண் தெரியும். அதன் விளிம்பு வெட்டியெடுத்தாற்போல் கூர்மையாக இருக்கும். மூன்றாம் நாள் அந்தக் கூர்மையும் பளிச்சென்ற சிவப்பும் மங்கத் தொடங்கும். நான்காம் நாளில் மஞ்சள் கலந்த வெள்ளைப் படலம் புண்ணின் மேல் நன்றாகப் படிந்து, ஓரத்திலிருந்து புதுத்தோல் வளர ஆரம்பித்திருக்கும். ஏழாம் நாள் தழும்பு தெரியும். நாக்கில் ஆறிய இடத்தில் வழக்கமான சொரசொரப்பு இன்றி வழுவழுப்பாக ஒரு தட்டை இருக்கும். ஐந்து நாள் வரை ஒரு நாள் முன்பின் பிழையோடு வயது சொல்லிவிடலாம். அதற்குப் பிறகு கணிப்பு தளரும். பழைய புண்ணுக்கு ‘ஒரு வாரத்துக்கு மேல்’ என்று எழுதுவதே நேர்மை. காலில் உள்ள புண் சாணத்திலும் அழுக்கிலும் கெட்டுப்போய்விடும் என்பதால் வயது சொல்ல வாய்ப்புண்தான் நம்பகமானது.

இந்த வயதிலிருந்து கணக்கு தொடங்குகிறது. மருத்துவர் போனது 20-ஆம் தேதி, மிகப் பழைய புண்ணின் வயது 5 நாள் என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் முதல் மாட்டுக்கு அறிகுறி தெரிந்தது 15-ஆம் தேதி. கோமாரி உடலுக்குள் போய் அறிகுறி காட்ட 2 முதல் 14 நாட்கள் எடுத்துக்கொள்ளும். ஆக, வைரஸ் 1-ஆம் தேதிக்கும் 13-ஆம் தேதிக்கும் இடையே ஏதோ ஒரு நாளில் கொட்டகைக்குள் வந்திருக்கிறது. அந்த 13 நாட்களில் என்ன வந்தது? வாங்கிய மாடு, சினைக்கு விட்ட காளை, தீவன வண்டி, மாட்டுத் தரகர், பால் எடுக்கும் வண்டி, வேறொரு கொட்டகையிலும் வேலை செய்யும் பால்காரர், ஊசி போட வந்தவர், இரவல் வாங்கிய கயிறு எல்லாம் பட்டியலில் வரும்.

அடுத்தது முன்னோக்கிய கணக்கு. அறிகுறி தெரிவதற்கு முன்பே வைரஸ் வெளியேறத் தொடங்கிவிடுகிறது. பாலில் 4 நாள் முன்னதாகவே வர வாய்ப்புண்டு. எனவே 11-ஆம் தேதி முதல் 20-ஆம் தேதி வரை இந்தக் கொட்டகையை விட்டு வெளியே போன பால், எரு, கன்று, ஆடு, ஆள், வண்டி எல்லாவற்றையும் துரத்திப் பிடிக்க வேண்டும். புண்ணின் வயதை இரண்டு நாள் குறைத்துச் சொல்லிவிட்டால் இந்த இரண்டு பட்டியலும் இரண்டு நாள் தள்ளிப்போகும். விட்டுப்போன அந்த நாட்களில் ஒரு சந்தை இருந்திருந்தால், நோய் இன்னும் பல இடங்களில் யாருக்கும் தெரியாமல் ஓடிக்கொண்டிருக்கும்.

கேள்வி கேட்கும் விதத்திலும் பக்குவம் வேண்டும். “நோய் என்றைக்கு வந்தது?” என்று நேராகக் கேட்டால் “நேற்றுதான் டாக்டர்” என்றே பதில் வரும். தாமதமாகச் சொன்னதற்குக் குற்றம் சாட்டுவார்களோ என்ற பயம் அந்தப் பதிலுக்குப் பின்னால் இருக்கிறது. “பால் என்றைக்குக் குறைந்தது? எந்த மாடு முதலில் தீவனத்தை விட்டது? அன்று வீட்டில் வேறென்ன நடந்தது?” என்று கேட்டால் நினைவு சரியாக வரும். பால் ஊற்றும் இடத்துக் கணக்குப் புத்தகம் இன்னும் நம்பகமான சாட்சி. நாளுக்கு நாள் ஒரே சீராக ஊற்றிய பால் எந்த வேளையில் சரிந்தது என்பது அதில் பதிவாகியிருக்கும்.

நாள் கணக்கு பிந்தினால் என்ன நடக்கும் என்பதற்கு 2001-இல் பிரிட்டனில் நடந்ததைவிடத் தெளிவான சான்று கிடையாது. பிப்ரவரி 19 அன்று எசெக்ஸில் ஓர் இறைச்சிக்கூடத்தில் பன்றிகளிடம் சந்தேகத்துக்குரிய புண்கள் தென்பட்டன. மறுநாள் கோமாரி என்று உறுதியானது. தடம் பிடித்துப் போனபோது வடக்கே நார்தம்பர்லாந்தில் ஒரு பன்றிப் பண்ணையில் பல நாள் பழைய புண்கள் இருந்தன. அதற்குள் அக்கம்பக்கத்துச் செம்மறியாடுகளுக்கு நோய் தொற்றி, அந்த ஆடுகள் ஹெக்சம், லாங்டவுன் சந்தைகள் வழியாக நாடெங்கும் விற்பனையாகிவிட்டிருந்தன. செம்மறியாட்டில் கொப்புளம் சிறியது, இரண்டு மூன்று நாளில் ஆறிவிடும். கொஞ்சம் நொண்டும், அவ்வளவுதான். அதனால் யார் கண்ணிலும் படவில்லை. பிப்ரவரி 23 அன்று கால்நடைப் போக்குவரத்து முழுவதும் தடைசெய்யப்பட்டபோது 50-க்கும் மேற்பட்ட பண்ணைகளில் வைரஸ் ஏற்கனவே குடியேறியிருந்தது. கடைசி நோயாளி மாடு கண்டறியப்பட்டது செப்டம்பர் 30. பாதித்த பண்ணைகள் 2,000-க்கும் மேல்; கொல்லப்பட்ட கால்நடைகள் 60 லட்சத்துக்கும் மேல். அந்தக் கால்நடைகளில் பெரும்பகுதி நோய் கண்டவை அல்ல. அருகில் இருந்ததாலும், தடைக் காலத்தில் மேய்ச்சலும் தீவனமும் இன்றி வாடியதாலும் கொல்லப்பட்டவை. சந்தைகள் ஒரு வாரம் முன்னதாக மூடப்பட்டிருந்தால் அவற்றில் எத்தனையோ பிழைத்திருக்கும்.

மருத்துவரின் காலணியும் ஒரு வழிதான்

நோயைப் பரப்பும் வாய்ப்பு அதிகமுள்ளவர்களில் மருத்துவரும் ஒருவர். ஒரே நாளில் பல கொட்டகைகளுக்குப் போகிறார். ஒவ்வொரு மாட்டின் வாய்க்குள்ளும் கைவிடுகிறார். ஆகவே நோயில்லாத இடங்களை முதலில் முடித்துவிட்டு, நோய் சந்தேகமுள்ள இடத்துக்குக் கடைசியாகப் போவதுதான் முறை. வண்டி வாசலுக்கு வெளியிலேயே நிற்கும். ரப்பர் காலணி, கழுவக்கூடிய மேலங்கி, வாளி, தூரிகை ஆகியவற்றோடு நடந்துதான் உள்ளே போவார். நோய் உறுதியான கொட்டகையில் மாட்டைக் கையாண்டவர் குளித்து உடை மாற்றிய பிறகும், அவரது நாட்டு விதி சொல்கிற நாட்கள் வரை நோயில்லாத மந்தைக்குள் கால்வைக்க மாட்டார்.

கோமாரி வைரஸுக்கு ஒரு பெரிய பலவீனம் உண்டு. அமிலமும் பிடிக்காது, காரமும் பிடிக்காது. அமில, காரத் தன்மையைக் காட்டும் அளவான பி.எச். 6-க்குக் கீழே போனாலும் 9-க்கு மேலே போனாலும் அது விரைவில் செயலிழக்கும். விலை குறைந்த சலவைச் சோடாவே போதுமான கிருமிநாசினி என்பது இதனால்தான். 10 லிட்டர் தண்ணீருக்கு 400 கிராம் போட்டால் 4 சதவீதக் கரைசல். சிட்ரிக் அமிலமானால் 10 லிட்டருக்கு 20 கிராம் போதும். கைக்கும் கருவிகளுக்கும் அது ஏற்றது. சோடாக் கரைசல் அலுமினியப் பாத்திரத்தை அரிக்கும் என்பதால் பால் பாத்திரங்களில் கவனம் தேவை.

இங்கே நடக்கிற தவறுகள் இரண்டு. முதலாவது, சாணம் அப்பிய தரையின் மேலும் காலணியின் மேலும் மருந்தை ஊற்றுவது. சாணமும் மண்ணும் மருந்தைத் தின்றுவிடும். அடியில் உள்ள வைரஸுக்கு ஒன்றும் ஆகாது. முதலில் சுரண்டு, பிறகு சோப்புத் தண்ணீரில் தேய்த்துக் கழுவு, கடைசியில் மருந்து, அதுவும் பத்து நிமிடமாவது ஈரமாக நிற்க வேண்டும். வாசலில் ஒரு தொட்டியில் மருந்து நிரப்பி, வருகிறவர்கள் எல்லோரும் சேற்றுக் காலோடு மிதித்துவிட்டுப் போகிற ஏற்பாட்டினால் பயன் எதுவும் இல்லை. இரண்டாவது தவறு, ‘இரண்டு மருந்து இருந்தால் இரட்டைப் பலன்’ என்று எண்ணிச் சோடாவையும் அமிலத்தையும் கலப்பது. ஒன்றையொன்று சமன்படுத்திக்கொண்டு, வைரஸ் சுகமாக வாழும் பி.எச். 7-க்கே வந்து நிற்கும்.

காற்றைக் கழுவ முடியாது என்பதும் உண்மை. பன்றிகள் மூச்சில் வெளியேற்றும் வைரஸின் அளவு மாட்டைவிடப் பல மடங்கு. 1981-இல் பிரான்சின் பிரிட்டனி பகுதியில் பன்றிகளிடம் கிளம்பிய வைரஸ், குளிர்ந்த ஈரக்காற்றில் கடலைத் தாண்டி இங்கிலாந்தின் ஐல் ஆஃப் வைட் தீவு மாடுகளைத் தொற்றியது. ஆனாலும் இப்படிப்பட்ட பயணம் அபூர்வம். பெரும்பாலான தொற்றுகளுக்குக் காரணம் நோயுற்ற விலங்கை ஓட்டிக்கொண்டு போவதுதான். மேகத்தைப் பார்ப்பதைவிடச் சந்தைச் சீட்டைப் பார்ப்பதில் பலன் அதிகம்.

மாதிரி: எடுப்பதும் கெடுப்பதும்

கண்ணால் பார்த்துக் கோமாரி என்று சந்தேகிக்கலாம். உறுதிசெய்ய ஆய்வகம் வேண்டும். உடையாத கொப்புளத்தின் நீரும், புதிதாக உடைந்த கொப்புளத்தின் தொங்கும் தோலும்தான் மிகச் சிறந்த மாதிரி. தோல் 1 கிராம் அளவுக்காவது வேண்டும். தண்ணீரால் வாயைக் கழுவிவிட்டு எடுக்கலாம். கிருமிநாசினி பட்ட வாயிலிருந்து எடுத்தால் பயனில்லை. அதைப் போட்டு அனுப்பும் திரவம் பாதி கிளிசரால், பாதி பாஸ்பேட் கரைசல், அதன் பி.எச். 7.2-க்கும் 7.6-க்கும் இடையே இருந்தாக வேண்டும். பழைய பாட்டிலில் பி.எச். இறங்கிப்போயிருந்தால் வைரஸ் வழியிலேயே செத்துவிடும். ஆய்வகம் ‘இல்லை’ என்று சொல்லும்; களத்தில் இருப்பவர் அதை நம்பித் தடையைத் தளர்த்துவார். ஆகவே மருத்துவரின் பெட்டியில் பி.எச். தாள் இருப்பது அவசியம். புண் ஆறிப்போன மாடுகளிடம் இரத்தம் எடுப்பார்கள். அல்லது நீண்ட கம்பியின் நுனியில் சிறு கிண்ணம் பொருத்திய கருவியைத் தொண்டைக்குள் செலுத்தி, அங்குள்ள சளியையும் செல்களையும் சுரண்டி எடுப்பார்கள். தேறிய மாடுகளில் ஒரு பகுதி, தொண்டையில் மாதக்கணக்கில், சில வேளை ஆண்டுக்கணக்கில் வைரஸை வைத்திருக்கும்.

ஆய்வகத்திடம் கேட்பது ‘கோமாரிதானா’ என்பதோடு முடிவதில்லை, ‘எந்த வகை’ என்பதும் தெரிய வேண்டும். கோமாரி வைரஸில் ஓ, ஏ, சி, ஆசியா-1, சாட்-1, சாட்-2, சாட்-3 என ஏழு வகைகள். இவற்றில் சி வகை 2004-க்குப் பிறகு எங்கும் பதிவாகவில்லை. ஒரு வகைக்கு எதிரான தடுப்பாற்றல் இன்னொரு வகையிடம் செல்லாது. ஒரே வகைக்குள்ளும், குறிப்பாக ஏ வகைக்குள், தடுப்பூசியில் உள்ள வைரஸுக்கும் களத்தில் திரிகிற வைரஸுக்கும் பொருத்தம் குறைந்துபோவதுண்டு. வகை தெரியாமல் கையிலிருக்கும் ஊசியைப் போடுவது, பூட்டு எது என்று பாராமல் சாவியைத் திருப்புவது போன்றது.

வளையமும் ஊசியும்

நோய் உறுதியானதும் வரைபடத்தில் வட்டங்கள் விழும். ஐரோப்பிய ஒன்றியச் சட்டப்படி உள்வட்டம் குறைந்தது 3 கி.மீ., வெளிவட்டம் குறைந்தது 10 கி.மீ. உள்வட்டத்தில் கால்நடை நகரக் கூடாது. எல்லாக் கொட்டகையும் நேரில் பார்க்கப்படும். வெளிவட்டத்தில் சந்தை, கண்காட்சி, காளை சேர்ப்பு எல்லாம் நிற்கும். இந்த எண்கள் குறைந்தபட்ச அளவுதான். ஆறு, மலை, பாலம், பெருஞ்சாலை, மேய்ச்சல் பாதை ஆகியவற்றைப் பார்த்து வட்டத்தை நீட்டவும் நெளிக்கவும் தெரிந்தவரே நல்ல மருத்துவர். பத்து கி.மீ. தள்ளியிருந்தாலும் ஒரே பால் வண்டி போகிற கொட்டகை, அடுத்த தெருவைவிட அபாயத்துக்கு அருகில் இருக்கிறது.

தடுப்பூசி போடுவதென்று முடிவானால் வெளியிலிருந்து உள்நோக்கிப் போட்டுக்கொண்டு வர வேண்டும். நோய் இருக்கும் இடத்தில் தொடங்கி வெளியே நகர்ந்தால், ஊசிக் குழுவே வைரஸைச் சுமந்துகொண்டு போகும். ஊசி முனையை மாட்டுக்கு மாடு மாற்ற வேண்டும். அறிகுறி இன்னும் தெரியாத மாட்டின் இரத்தத்தில் வைரஸ் இருக்கலாம். ஏற்கனவே வைரஸ் புகுந்த மாட்டுக்கு ஊசி பலன் தராது. அது இரண்டு மூன்று நாளில் நோயில் விழும். ‘ஊசி போட்டதால்தான் வந்தது’ என்ற பேச்சு அப்படித்தான் பிறக்கிறது. இதை ஊசி போடும் முன்பே சொல்லிவிட வேண்டும். ஒன்றிரண்டு நாள் இலேசான காய்ச்சலும், பால் கொஞ்சம் குறைவதும், ஊசி போட்ட இடத்தில் வீக்கமும் வரும் என்பதையும் மறைக்கக் கூடாது. மறைத்துப் போட்ட ஊசிக்கு அடுத்த சுற்றில் கதவு திறக்காது.

கோமாரித் தடுப்பூசி செயலிழக்கச் செய்த வைரஸால் ஆனது. அந்த வைரஸ் துகள் உடையாமல் முழுசாக இருந்தால்தான் மாட்டின் உடல் அதை அடையாளம் கண்டு தடுப்பாற்றலை உண்டாக்கும். சூடு பட்டால் துகள் சிதறிவிடும். ஆகவே 2 முதல் 8 டிகிரி செல்சியஸ் வரை வைத்திருக்க வேண்டும். சூட்டை நினைத்துப் பயப்படும் அளவுக்குக் குளிரை நினைத்து யாரும் பயப்படுவதில்லை. ஐஸ் கட்டியை ஒட்டி வைத்த பாட்டில் உறைந்துபோனால், எண்ணெய் கலந்த தடுப்பூசி பிரிந்து எண்ணெய் தனி, நீர் தனி என நிற்கும். குலுக்கினாலும் பழையபடி சேராது. அதைக் கொட்டிவிட வேண்டியதுதான். சூட்டில் கெட்ட பாட்டில் அப்படிக் கண்ணுக்குத் தெரியாது என்பதால், குளிர்பெட்டியில் வெப்பமானி வைத்துக் காலையும் மாலையும் குறித்துக்கொள்வதைத் தவிர வேறு வழியில்லை.

எத்தனை மாட்டுக்குப் போட்டோம் என்பதற்கும் எத்தனை மாடு காக்கப்பட்டது என்பதற்கும் இடைவெளி உண்டு. 100 மாடுகளில் 80-க்குப் போட்டு, அவற்றில் பத்தில் ஒன்பது சரியாகத் தடுப்பாற்றல் பெற்றால் காக்கப்பட்டவை 72. முதல் ஊசி போட்ட கன்றுக்கு நான்கு முதல் ஆறு வாரத்தில் இரண்டாவது ஊசி விழவில்லை என்றால் அது கணக்கில் சேராது. மிக இளம் கன்றுக்குப் போட்டாலும் வீண். சீம்பாலில் தாயிடமிருந்து பெற்ற எதிர்ப்புப் பொருள் ஊசியின் வேலையைத் தடுத்துவிடும். நான்கு மாத வயதில் தொடங்குவது அதனால்தான். ஆறு மாதத்துக்கு ஒரு சுற்று என்றால், நடுவில் பிறந்தவை, வாங்கி வந்தவை, அன்று மேய்ச்சலுக்குப் போய்விட்டவை எல்லாம் ஊசி இல்லாதவை. பதிவேட்டில் 80 என்று நிற்கும் எண் கொட்டகைக்குள் 60-க்கும் கீழே போய்விடும். சுற்று முடிந்த ஒரு மாதத்தில் சில மாடுகளின் இரத்தத்தைச் சோதித்துப் பார்ப்பது இந்த உண்மை எண்ணைத் தெரிந்துகொள்ளத்தான். அந்தச் சோதனையைச் செலவு என்று வெட்டிவிடுவது கண்ணை மூடிக்கொள்வதற்குச் சமம்.

எல்லா நோய்க்கும் இதே வரிசை பொருந்தாது. அடைப்பான் (ஆந்த்ராக்ஸ்) என்றால் முதல் விதியே வேறு. திடீரென்று செத்து, மூக்கு, ஆசனவாய் வழியாக உறையாத கறுத்த இரத்தம் கசிகிற மாட்டை அறுத்துப் பார்க்கக் கூடாது. உடலுக்குள் இருக்கும் அடைப்பான் கிருமி, காற்றுப் பட்டதும் பல பத்தாண்டு மண்ணில் கிடக்கக்கூடிய வித்துகளாக மாறும். காது நுனி இரத்தத்தில் ஒரு சொட்டு எடுத்துக் கண்ணாடித் தகட்டில் தடவிச் சாயமேற்றிப் பார்த்தால் போதும். உடலை எரிப்பது சிறந்தது. முடியாவிட்டால் ஆழமாகப் புதைக்க வேண்டும். குழியில் சுண்ணாம்பு கொட்டுகிற பழக்கத்தை உலக சுகாதார அமைப்பு ஊக்குவிப்பதில்லை. சுண்ணாம்பில் உள்ள கால்சியம் வித்துகள் நிலைத்திருக்கத் துணைபோகலாம் என்பது காரணம். இன்னொரு கண்ணி தடுப்பூசியில் இருக்கிறது. அடைப்பான் ஊசி உயிருள்ள, வீரியம் குறைத்த வித்துகளால் ஆனது. ‘பாதுகாப்புக்கு’ என்று அதே நாளில் பென்சிலினும் போட்டால், மருந்து தடுப்பூசியைக் கொன்றுவிடும். ஊசி போட்டதாகச் சான்று இருக்கும், தடுப்பாற்றல் இருக்காது.

தகவல் வராவிட்டால் எதுவும் நடக்காது

மேலே சொன்ன எல்லாவற்றுக்கும் தொடக்கம் ஒரு மாட்டுக்காரர் மருத்துவருக்குச் சொல்வது. அவர் சொல்லத் தயங்குவதற்குக் காரணங்கள் உண்டு. பால் விற்க முடியாது, மாடு விற்க முடியாது, அக்கம்பக்கம் பழிக்கும், மாட்டைக் கொல்லச் சொல்லிவிடுவார்களோ என்ற பயம் வேறு. கொல்லும் கொள்கை உள்ள இடங்களில் இழப்பீடு சந்தை மதிப்புக்குக் குறைவாகவோ தாமதமாகவோ வந்தால், அடுத்த நோய் மறைக்கப்படும்; இரவோடு இரவாக மாடுகள் கைமாறும். மதிப்புக்கு மேலே கொடுத்தாலும் வேறு விதமான கேடு. பால் நின்ற நாட்களுக்கும் மாட்டை நகர்த்த முடியாத நாட்களுக்கும் ஈடு கொடுப்பதைப் பற்றி யோசிக்காத திட்டம், நோயைக் கண்டுபிடிக்க வேண்டிய ஒரே ஆளைப் பகைத்துக்கொள்கிறது. முதலில் தகவல் சொன்னவரை ஊரார் முன் குற்றவாளியாக்கும் அதிகாரி ஒருவர் போதும், அந்தப் பகுதியில் சில ஆண்டுகளுக்குத் தகவல் வராது.

மாடுகளைக் கொன்றுகுவித்த வைரஸ் நோயான வெக்கை நோய் (ரிண்டர்பெஸ்ட்) ஒழிந்த வரலாறு இதை நன்றாகக் காட்டுகிறது. மனிதன் உலகிலிருந்து முற்றாக ஒழித்த ஒரே கால்நடை நோய் அதுதான். கடைசி நோய் 2001-இல் கென்யாவில் பதிவானது. 2011-இல் உலகம் முழுதும் ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டது. கோமாரிக்கு இல்லாத வசதிகள் அதில் இருந்தன. ஒரே வகை வைரஸ்தான். ஒருமுறை ஊசி போட்டால் பல ஆண்டுகளுக்குப் பாதுகாப்பு. தேறிய மாடு வைரஸைச் சுமந்து திரியாது. 1960 வாக்கில் கால்நடை அறிவியலாளர் வால்டர் பிளவ்ரைட் கென்யாவில் உருவாக்கிய தடுப்பூசி அருமையானது. இருந்தும், 1960-களிலும் 70-களின் தொடக்கத்திலும் ஆப்பிரிக்காவில் கோடிக்கணக்கில் ஊசி போட்ட பெருந்திட்டம் நோயைக் கிட்டத்தட்ட அடக்கிவிட்டு நின்றது. எட்டாத மேய்ச்சல் பகுதிகளில் ஒளிந்திருந்த வைரஸ் 1980-களில் திரும்பி வந்து பெரும் சேதம் விளைவித்தது. பிறகு, குளிர்பெட்டி இல்லாமல் ஒரு மாதம் தாங்கும் ஊசி வந்தது. சாலை போகாத இடங்களில் மேய்ச்சல்காரர்களே பயிற்சி பெற்று அதைப் போட்டார்கள். எந்த மந்தையில் எந்த மாதம் எச்சிலும் கழிச்சலும் இருந்தது என்று அவர்களிடம் கேட்டுக் கேட்டுத்தான், மருத்துவமனைப் பதிவேட்டில் ஏறாத இலேசான வெக்கை நோயின் கடைசி ஒளிவிடங்கள் தெரியவந்தன. அதோடு, நாடுகள் துணிந்து தடுப்பூசியை நிறுத்தின. ஊசி போட்டுக்கொண்டே இருந்தால், நோய் போய்விட்டதா அல்லது மறைந்திருக்கிறதா என்று கண்டறிய முடியாது.

கோமாரியிலும் ‘முடிந்துவிட்டது’ என்று சொல்வதுதான் கடினமான கட்டம். கடைசி நோயாளி மாட்டுக்குப் பிறகு, இரண்டு நோயரும்பு காலமாகிய (தொற்று புகுந்து அறிகுறி தெரியும் வரை ஆகும் 14 நாளின் இரு மடங்கு) 28 நாளாவது புதிய புண் எதுவும் தெரியக் கூடாது. பிறகு இரத்தச் சோதனை. சுத்திகரித்த தடுப்பூசியில் செயலிழந்த வைரஸ் துகள் மட்டுமே இருக்கும். உண்மையான வைரஸ் உடலுக்குள் பெருகும்போது மட்டுமே உண்டாகும் புரதங்களுக்கு எதிர்ப்புப் பொருள் இருக்கிறதா என்று எலைசா என்னும் ஆய்வக இரத்தச் சோதனை முறையில் பார்த்தால், ஊசி போட்ட மாட்டையும் நோய் வந்த மாட்டையும் பிரித்தறியலாம்.

எத்தனை மாட்டைச் சோதிக்க வேண்டும் என்பதில் கணக்கு கறாரானது. ஒரு பெரிய மந்தையில் நூற்றுக்கு ஐந்து மாடுகளைத் தொற்று தொட்டிருந்தால், அதில் ஒன்றையாவது 95 சதவீத உறுதியோடு பிடிக்க 59 மாடுகளைச் சோதிக்க வேண்டும். நூற்றுக்கு ஒன்றுதான் என்றால் 299 மாடுகள் வேண்டும். பத்து மாட்டைப் பார்த்து ‘நோயில்லை’ என்று எழுதும் அறிக்கை எதையும் நிரூபிப்பதில்லை. மறுபக்கம், நோயில்லாத மாடுகளில் நூற்றுக்கு ஒன்றைத் தவறாக ‘இருக்கிறது’ என்று காட்டும் சோதனையில், 299 மாட்டில் ஏறக்குறைய மூன்று பொய்யாக வரும். அந்த மூன்றும் ஒரே மூலையில் கட்டியிருந்த, ஒரே வயது மாடுகளா, அல்லது மந்தை முழுதும் சிதறிக் கிடக்கின்றனவா என்று பார்க்க மருத்துவர் மறுபடி போக வேண்டும். ஒரே மூலை என்றால் மீண்டும் இரத்தம், தொண்டைச் சுரண்டல், பக்கத்து மாடுகள் எல்லாம். சிதறியிருந்தால் இரண்டு வாரம் கழித்து அதே மாடுகளில் எதிர்ப்புப் பொருள் ஏறுகிறதா என்று ஒப்பிடுவார்.

மந்தை முழுதும் அழிக்கப்பட்ட இடத்தில் மாடுகளை மறுபடி ஒரேயடியாக நிரப்புவதில்லை. கொட்டகையைக் கழுவி மருந்திட்டு, குறிப்பிட்ட நாட்கள் காலியாக விட்டு, ஊசி போடாத சில மாடுகளை முதலில் கட்டுவார்கள். கொட்டகையின் எல்லாப் பகுதியிலும், தீவனத் தொட்டி, தண்ணீர்த் தொட்டி, கழிவு வாய்க்கால் ஓரம் வரை அவை நடமாட வேண்டும். முதல் இரண்டு வாரம் மருத்துவர் சில நாட்களுக்கு ஒருமுறை போய் வாயையும் காலையும் பார்ப்பார். நான்கு வாரம் முடிந்ததும் இரத்தம் எடுத்து அனுப்புவார். முடிவு வந்த பிறகே மற்ற மாடுகளை வாங்க அனுமதிச் சீட்டு எழுதப்படும்.